சுவாமிக்கு நாதன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் ஆண் குழந்தைகளுக்கான பெயர்களும் அவற்றின் பொருளும் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்திருந்தன. அதில் ‘ச’ வரிசையில், “சுவாமிநாதன் – கடவுள், தலைவன். பழைய பெயர்” என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில், சாமிநாதன் என்பது பேச்சு வழக்கு, எழுதும்போது சுவாமிநாதன் என்றே எழுத வேண்டும் என்று ஒரு குறிப்பும் இருந்தது.

நான் சுவாமிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் 36 வருடம் தபால் கொடுத்து ஓய்வுபெற்றவன். என் பெயர் சாமிநாதன். பள்ளிக்கூடச் சான்றிதழில் தொடங்கி பென்ஷன் புத்தகம் வரை அப்படித்தான் எழுதியிருக்கிறது. சாதாரணமாக இதற்கெல்லாம் கடிதம் எழுதுகிறவன் அல்ல. ஆனால் என் மருமகள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, “மாமா, இதுக்கு வெறுமனே கடவுள்னுதான் அர்த்தமா?” என்று கேட்டாள். பேரனுக்கு வைப்பதற்காக அவள் எழுதி வைத்திருந்த நான்கு பெயர்களில் என் பெயரும் ஒன்று. அந்தக் கேள்விக்கு அவளிடம் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது தமிழ் ஐயா தொகைநிலைத் தொடர் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பில் மூன்று சாமிநாதன்கள் இருந்தோம். மூவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, “உன் பெயரை விரித்துச் சொல்” என்றார். ஒருவன் “சாமியாகிய நாதன்” என்றான். அது இருபெயரொட்டுப் பண்புத்தொகை, தப்பில்லை, ஆனால் நம்ம ஊரில் செல்லாது என்றார் ஐயா. கரும்பலகையில் “சாமிக்கு நாதன்” என்று எழுதி ‘கு’ என்ற எழுத்தின் கீழே கோடு போட்டார். நான்காம் வேற்றுமைத் தொகை. அந்த ஒரு ‘கு’வுக்குள்தான் எங்கள் ஊர் தலபுராணம் முழுவதும் இருக்கிறது.

உங்கள் பக்கத்தில் கொடுத்திருக்கும் பொருள் முதல் மாணவன் சொன்ன விரிவு. அகராதிப்படி குற்றம் சொல்ல முடியாது. சுவாமி என்றால் உடையவன், நாதன் என்றால் காப்பவன், தலைவன். இரண்டையும் கூட்டினால் கடவுள், தலைவன் என்றுதான் வரும். ஆனால் ஒரு பெயர் எந்த மண்ணில் முளைத்ததோ அந்த மண் அதற்கு என்ன பொருள் சொல்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பிரமனிடம் பிரணவத்துக்குப் பொருள் கேட்கிறான் சிறுவன் முருகன். படைப்புத் தொழில் செய்கிறவருக்குப் பதில் தெரியவில்லை. குட்டிச் சிறையில் வைத்துவிடுகிறான். விடுவிக்கச் சொல்லி வந்த சிவனும், சரி, உனக்குப் பொருள் தெரியுமா என்று மகனைக் கேட்கிறார். தெரியும், ஆனால் கேட்கிற முறையில் கேட்டால்தான் சொல்வேன் என்கிறான் பிள்ளை. தகப்பன் வாய் பொத்திச் செவி சாய்த்து நிற்க, மகன் காதில் உபதேசம் செய்கிறான். அன்றைக்கு அந்தச் சுவாமிக்கு இந்தப் பிள்ளை நாதன் ஆனான். தகப்பன்சாமி, சிவகுருநாதன், சாமிநாதன் மூன்றும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்கின்றன. மற்ற முருகன் பெயர்கள் அழகைச் சொல்லும், வேலைச் சொல்லும், ஆறுமுகத்தைச் சொல்லும், மயிலைச் சொல்லும். இந்தப் பெயர் ஒரு தகப்பனார் பிள்ளையிடம் பாடம் கேட்டதைச் சொல்கிறது.

அருணகிரிநாதர் கந்தர் அநுபூதியில் இதை இரண்டே அடியில் வைத்திருக்கிறார்:

நாதா குமரா நமஎன்று அரனார்
ஓதாய் எனஓதியது எப்பொருள்தான்

சிவன் மகனைக் கூப்பிடுகிற முதல் சொல்லைக் கவனியுங்கள். ‘நாதா’ என்கிறார். அதற்குப் பிறகுதான் ‘குமரா’. சுவாமியே வாய் திறந்து ‘நாதா’ என்றபிறகு அந்தப் பெயருக்கு வேறு விளக்கம் எதற்கு என்று தமிழ் ஐயா கேட்பார். நான் தபால் பையோடு சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் இந்தப் பாட்டு வாயில் ஓடும்.

கோயிலைக் கட்டியவர்களும் அப்படியே கட்டியிருக்கிறார்கள். சுவாமிமலை இயற்கையான மலை இல்லை. காவிரிக் கரையில், வயல்வெளிக்கு நடுவில் எழுப்பிய கட்டுமலை. மேலே போக 60 படி. பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருடங்கள் அறுபதும் அந்தப் படிகள். கீழே தரைமட்டத்தில் மீனாட்சி சுந்தரேசுவரர் சன்னிதி. படியேறிப் போனால் உச்சியில் கையில் தண்டத்தோடு நிற்கிறார் சாமிநாதசுவாமி. தகப்பன் கீழே, பிள்ளை மேலே. சன்னிதிக்கு எதிரில் மயில் இருக்க வேண்டிய இடத்தில் யானை நிற்கும். நக்கீரர் பாடிய ஏரகம் இதுதான் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். நான் சின்ன வயதில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். ஆனால் தகப்பனாரைக் கீழே வைத்துப் பிள்ளையை மேலே வைத்ததன் கருத்து, என் மகன் கும்பகோணத்துக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் எனக்குக் கணினியில் மணியார்டர் பதிவு செய்யச் சொல்லிக்கொடுத்தானே, அன்றைக்குத்தான் உறைத்தது. தப்புத் தப்பாகத் தட்டினேன். அவன் கோபப்படாமல் மறுபடி மறுபடி சொன்னான். நான் அவன் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெயர் வைக்கும் சடங்கையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி குழந்தையின் காதில் தகப்பன்தான் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். சாமிநாதன், சாமிநாதன், சாமிநாதன் என்று குனிந்து சொல்கிறான். குழந்தைக்குச் சொல்லும் முதல் இரகசியமே, ‘ஒருநாள் நீ எனக்குச் சொல்லித்தரலாம்’ என்பதுதான். வேறு எந்தப் பெயருக்கும் அந்தச் சடங்கோடு இப்படிப்பட்ட பொருத்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

என் பாட்டனார் பெயரும் சாமிநாதன். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். அதனால் எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். இதில் சிரமப்பட்டவர் என் அம்மாதான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்ற காலம். பெற்ற பிள்ளையை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘தம்பி’தான். கோயிலுக்குப் போவதாக இருந்தால் சுவாமிமலைக்குப் போகிறேன் என்று சொல்லமாட்டார், ‘மலைக்குப் போயிட்டு வரேன்’ என்பார். விளக்கு முன்னால் நின்றுகூட ‘முருகா’ என்றுதான் வரும். சாமியின் பெயரும் மாமனார் பெயரும் பிள்ளையின் பெயரும் ஒன்றாகப் போனதில் ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் அந்தச் சொல்லைத் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தார். நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாமியா, சுவாமியா என்பதற்கு வருகிறேன். நான் தபால் கொடுத்த ஒரு தெருவில் மட்டும் ஐந்து சாமிநாதன்கள். கொத்தனார் சாமிநாதன், மேலவீட்டுச் சாமிநாதன், ரைஸ்மில் சாமிநாதன், பட்டறைச் சாமிநாதன், வாத்தியார் சாமிநாதன். பட்டறைச் சாமிநாதன் பஞ்சலோகச் சிலை வார்க்கிறவர். அவருக்கு வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய கடிதங்கள் வரும். நான் போகிற நேரத்தில் மெழுகும் குங்கிலியமும் உருகுகிற வாசனை தெருமுனைவரை அடிக்கும், காவிரி வண்டலைக் குழைத்து மெழுகுச் சிலைமேல் பூசிக்கொண்டிருப்பார். மண் கையோடு வாங்கக் கூடாது என்று கழுவித் துடைத்துக்கொண்டு வந்துதான் கடிதத்தை வாங்குவார். முகவரியில் இவர்களில் யார் பெயர் எப்படி இருந்தாலும் நான் சரியான வீட்டில் சேர்த்துவிடுவேன். சாமிநாதன், சுவாமிநாதன், ஸ்வாமிநாதன், சாமிநாதய்யா, சாமிநாது எல்லாம் ஒரே ஆள்.

ஆனால் அலுவலகங்களுக்கு அப்படி இல்லை. மேலவீட்டுச் சாமிநாதன் காலமான பிறகு அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவேண்டியிருந்தது. பணிப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் ‘எஸ் டபிள்யூ’ என்று தொடங்கியது அவர் பெயர். இறப்புச் சான்றிதழில் ‘எஸ் ஏ’. இரண்டும் ஒரே மனிதர் என்று காட்ட அந்த அம்மாள் பதினொரு மாதம் அலைந்தார். திரும்பி வந்த உறைகளை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது உறையைக் கொடுத்தபோது அவர் அதைப் பிரிக்கவே இல்லை. “அவர் பேரு அவருக்கே தெரியாமப் போச்சா தம்பி?” என்று மட்டும் கேட்டார். எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. சாமிநாதன் தவறு, சுவாமிநாதன் சரி என்று ஒரு நாளிதழ் அச்சிடும்போது, அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவர் அதை வெட்டி வைத்துக்கொள்வார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தவறு என்று சொல்லவும் இடமில்லை. வடசொல் தமிழுக்குள் வரும்போது நம் நாக்குக்கு ஏற்ப மாறும். ‘சுவாமி’ ‘சாமி’ ஆவது அப்படி வந்ததுதான். தமிழ்நாட்டின் மிகப் பெரிய சாமிநாதனே தம் பெயரைச் சாமிநாதையர் என்றுதான் போட்டுக்கொண்டார். தமிழில் எது பிழை, எது வழக்கு என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அவருக்கு அந்தப் பெயர் வந்த வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1855இல் பிறந்த, உத்தமதானபுரத்துக்காரரான அவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் செல்லமாகச் சாமா. தமிழ் படிக்க வேண்டும் என்ற தாகத்தோடு மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். உமக்கு வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்க, சாமிநாதன் என்பதன் மரூஉதான் வீட்டுப் பெயர் என்று தெரியவந்தது. அந்தப் பெயரே நன்றாக இருக்கிறது, இனி அப்படியே அழைக்கலாம் என்று பிள்ளையவர்கள் முடிவு செய்தார். இதை ஐயரவர்களே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதாவது உலகம் அறிந்த உ. வே. சா.வின் ‘சா’ ஒரு மாணவனுக்கு ஓர் ஆசிரியர் தேர்ந்தெடுத்த எழுத்து. மாணவன் குருவாவதைச் சொல்லும் பெயரைத் தம் மாணவருக்கு ஓர் ஆசிரியர் வாய்மொழிந்தார் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

1880இல் அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அந்த வருடமே சேலம் இராமசுவாமி முதலியார் அங்கே முன்சீப்பாக வந்திருந்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணங்கள் என்று இவர் பெரிய பட்டியல் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். கல்லூரியில் பாடம் சொல்லும் புலவர் ஒரு நீதித்துறை அதிகாரி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார், கோபித்துக்கொள்ளவில்லை. சிந்தாமணி ஏட்டைப் பிரித்தார். புரியாத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். திருநீறு பூசிய சைவர் சமணர் வாசலில் மாணவராக உட்கார்ந்திருக்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

இதில் தபால்காரன் என்ற முறையில் எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம் உண்டு. அவருடைய ஆராய்ச்சி பாதி நடந்தது அஞ்சலில். எந்த ஊரில் எந்தக் கவிராயர் வீட்டுப் பரணில் ஏடு இருக்கிறது என்று கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருப்பார். தமிழறிந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ஜூலியன் வின்சோன் பாரிசிலிருந்து அவருக்கு எழுதியிருக்கிறார். வந்த கடிதங்களைத் தூக்கியெறியாமல் சேர்த்து வைத்தார், அவை இன்றும் சென்னையில் அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கும்பகோணத்தில் அவருக்குத் தபால் கொடுத்த மனிதர் யாரோ, தன் பையில் என்ன சுமந்தார் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இதே பெயரில் இன்னொருவரை உங்கள் பக்கம் மட்டுமல்ல, எல்லாருமே மறந்துவிட்டார்கள். திருவாவடுதுறை ஆதீனத்தில் சுமார் முந்நூறு வருடங்களுக்கு முன் ஈசான தேசிகர் என்று ஒருவர் இருந்தார். அவருடைய மற்றொரு பெயர் சுவாமிநாத தேசிகர். இலக்கணக் கொத்து அவர் செய்த நூல். நன்னூலுக்கு உரை எழுதிய சங்கர நமச்சிவாயர் அவருடைய மாணவர். கல்வியில் குறைந்தவர் அல்லர். ஆனால் தமிழுக்கே உரிய எழுத்துகள் ஐந்துதான், ஐந்தெழுத்தை வைத்துக்கொண்டு அதை ஒரு மொழி என்று சொல்ல அறிவுடையவர்கள் வெட்கப்படுவார்கள் என்று எழுதியவர் அவர்தான். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்றெல்லாம் படிப்பவர்களையும், பத்துப்பாட்டு, எட்டுத்தொகை என்று வாழ்நாளைச் செலவிடுகிறவர்களையும் வீணாகப் பொழுதைக் கழிக்கிறவர்கள் என்று கடிந்துகொண்டார். சிவனைப் பாடாத நூல் எதற்கு என்பது அவர் கட்சி.

பிறகு என்ன நடந்தது பாருங்கள். அதே திருவாவடுதுறை மடத்தில், மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில், பிள்ளையவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த இன்னொரு சாமிநாதன், அந்தச் சாமிநாதன் படிக்க வேண்டாம் என்று ஒதுக்கிய நூல்களையே ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அச்சில் ஏற்றினார். முன்னோர் ஒருவர் சொன்னதைப் பின்னால் வந்த பிள்ளை திருத்திப் பாடம் சொன்னார். பெயரின் பொருள் இதைவிட வெளிப்படையாக நடந்து நான் கேள்விப்பட்டதில்லை. தேசிகரைப் பற்றி எனக்கு மரியாதைக் குறைவு கிடையாது. இருவரையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பெயரின் கதை முழுதாகும் என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கத்துச் சாமிநாதன்களில் அடுத்தவர் எம். எஸ். சுவாமிநாதன். 1925 ஆகஸ்ட் 7 அன்று கும்பகோணத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்தில் குட்டநாட்டு மங்கொம்பு. தகப்பனார் சாம்பசிவன் கும்பகோணத்தில் அறுவை மருத்துவர். மகனுக்குப் பதினோரு வயதிலேயே அவர் போய்விட்டார். பிள்ளையும் மருத்துவராக வேண்டும் என்றுதான் வீட்டார் எதிர்பார்த்தார்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தது அவரைப் பயிர்த்தொழில் பக்கம் திருப்பியது. பிறகு நடந்ததை எல்லாரும் அறிவார்கள். மெக்சிகோவிலிருந்து குட்டைக் கோதுமை விதை வந்ததையும் 1968இல் கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டதையும் நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தபால்தலை ஒன்று என்னிடம் இருக்கிறது.

நான் சொல்ல விரும்புவது வேறு. புதிய விதை பலன் தருமா என்று சந்தேகப்பட்ட காலத்தில், பெரிய பண்ணைகளில் காட்டாமல் சிறு விவசாயிகளின் துண்டு நிலங்களிலேயே விளைவித்துக் காட்ட வேண்டும் என்று நின்றவர் அவர். 2004 முதல் 2006 வரை தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவராக இருந்து, விளைபொருளுக்கு உற்பத்திச் செலவோடு குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை தரவேண்டும் என்று பரிந்துரைத்தார். 1987இல் முதல் உலக உணவுப் பரிசு அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் காலமானார். அடுத்த வருடம் பாரத ரத்னா அறிவித்தார்கள். எங்கள் ஊர் நெல் விவசாயிகள் அவருடைய முறைகளைப் பற்றி இருவிதமாகவும் பேசுவார்கள். உரமும் பூச்சிமருந்தும் மண்ணைக் கெடுத்துவிட்டன என்று சொல்கிறவர்கள் உண்டு. மண்வளத்தைப் பார்க்காமல் இரசாயனத்தைக் கொட்டினால் கேடு வரும் என்று 1968இலேயே எச்சரித்தவரும் அவரே என்று நான் அவர்களுக்குச் சொல்வேன்.

இன்னும் பலர் இருக்கிறார்கள். மகாத்மா காந்தியின் எழுத்துகள் முழுவதையும் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்த பெரும்பணிக்கு 1960 முதல் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்தவர் பேராசிரியர் கே. சுவாமிநாதன். உ. வே. சா. தமிழ் சொன்ன அதே சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் சொன்னவர். தமிழ்க் குடும்பத்தில் சிம்லாவில் பிறந்த ஓவியர் ஜெகதீஷ் சுவாமிநாதன், 1982இல் போபாலில் திறந்த பாரத் பவன் என்ற கலை மையத்தில் பழங்குடிக் கலைஞர்களின் படைப்புகளை நவீன ஓவியங்களுக்குச் சமமாக வைத்தார். ஓவியக் கல்லூரிப் பக்கமே போகாதவர்களைத் தேடிக் காட்டுக்குள் ஆளனுப்பி, அவர்கள் கைவேலையைக் கற்றுக்கொள்ள வேண்டியதாகப் பார்த்தவர். விமர்சகர் வெங்கட் சாமிநாதன் கும்பகோணத்துக்குப் பக்கத்து உடையாளூர்க்காரர். அவரும் ‘சா’ போட்டவர்தான். தண்ணீர்ப் பஞ்சத்தை மேடையில் கொண்டுவந்த கோமல் சுவாமிநாதனும், தேவாரத்தைப் பண்ணோடு பாடிய தருமபுரம் ப. சுவாமிநாதனும் நினைவுக்கு வருகிறார்கள். தருமபுரத்தாரின் குரல் மார்கழிக் காலையில் எங்கள் கோயில் ஒலிபெருக்கியில் வரும். அந்த நேரத்தில்தான் நான் கும்பகோணம் தபால் மூட்டைக்காகக் காத்திருப்பேன்.

நாதன் என்ற பாதியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரணவம் ஓசையாயிற்றே, அதனால் சாமிநாதன் என்பது நாதத்தின் தலைவன் என்று சிலர் மேடையில் விளக்கம் சொல்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தலைவன் என்ற பொருள்படும் நாதனும் ஓசை என்ற பொருள்படும் நாதமும் வடமொழியில் வேறு வேறு எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘த’ என்பதால் வந்த மயக்கம் இது. பக்தியாகச் சொல்லிக்கொள்ளலாம், பொருள் என்று அச்சிடக் கூடாது.

‘பழைய பெயர்’ என்று போட்டதுதான் கடைசியாக மனதைத் தைத்தது. அந்த இரண்டு சொல்லைப் படித்துவிட்டுத்தான் என் மருமகள் தயங்கினாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் என்ன சொல்வார்களோ என்று ஒரு தாய் யோசிப்பது நியாயம்தான். நான் வற்புறுத்தவில்லை. இங்கே எழுதியதைத்தான் அவளிடம் இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து சொன்னேன். நடுவில் அவள் கேட்ட கேள்விகளுக்காகத் தமிழ் ஐயாவின் பழைய நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. என் அம்மா மாமனார் பெயரைச் சொல்லாமலே வாழ்ந்ததைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, “சாமிநாதா” என்று என் எதிரிலேயே கூப்பிட்டாள். “எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல மாமா, நல்லாத்தான் இருக்கு” என்றாள். எங்கள் வீட்டில் ஒரு மருமகள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதை 68 வயதில் முதல் தடவையாகக் கேட்டேன்.

ஆகவே ஐயா, அடுத்த வார இணைப்பில் ஒரு சிறு திருத்தம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். “சாமிநாதன், சுவாமிநாதன் – சுவாமிக்கு நாதன், தந்தைக்கு உபதேசம் செய்த பிள்ளை” என்றிருந்தால் போதும். இடம் இருந்தால் உ. வே. சா.வுக்கு அந்தப் பெயரை அவர் ஆசிரியர் தேர்ந்தெடுத்ததையும் சேர்த்துப் போடுங்கள். பேரனுக்குப் பெயர் வைக்கும் நாள் அடுத்த மாதம் 12ஆம் தேதி. அதற்கு முன் வந்தால் அந்தப் பக்கத்தை வெட்டி அவன் ஜாதகத்தோடு வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
சாமிநாதன்,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
சுவாமிமலை வட்டாரம்.